முன்னாள் குடித்தனக்காரர் தொடுத்த காய இழப்பீட்டு வழக்கு: கிருஷ்ணகிரி வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றைப் பற்றி

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்து, முன்பணத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டு காலி செய்தவர், குடியிருந்த காலத்தில் படிக்கட்டின் கைப்பிடிக் கம்பி ஆடியதால் தாம் விழுந்து கணுக்கால் முறிந்ததாகக் கூறி என் தந்தையின் மீது இழப்பீட்டு வழக்குத் தொடுத்தார். அதற்காக நாங்கள் அமர்த்திய வழக்கறிஞர் அலுவலகத்தைப் பற்றியதே இம்மதிப்புரை.

காலி செய்து போனவர் எப்படி வழக்குப் போட முடியும் என்பதே என் தந்தையின் முதல் கேள்வி. வீட்டை விட்டுப் போவதால் அந்த உரிமை அழிவதில்லை என்றும், 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி காயம் ஏற்பட்டதிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம் என்றும், இதை விசாரிப்பது வாடகை நீதிமன்றம் அன்று, உரிமையியல் நீதிமன்றமே என்றும் வழக்கறிஞர் அம்மையார் பொறுமையாக விளக்கினார்.

அவருடைய திறமை தெரிந்தது அடுத்து அவர் கேட்ட கேள்விகளில்தான். அந்தப் படிக்கட்டு மாடி வீட்டுக்கு மட்டும் உரியதா, மொட்டை மாடிக்குச் செல்ல எல்லாரும் பயன்படுத்துவதா? கம்பி ஆடுவதாகக் குடித்தனக்காரர் வாட்ஸ்அப்பிலோ நேரிலோ முன்பே சொல்லியிருந்தாரா? கம்பியைச் சரிசெய்ததற்கான வெல்டிங் பட்டறை ரசீதின் தேதி, அவர் விழுந்ததாகச் சொல்லும் நாளுக்கு முந்தையதா, பிந்தையதா? பொதுப் படிக்கட்டு உரிமையாளரின் பொறுப்பில் இருப்பது என்பதாலும், பழுது தெரிந்தும் சரிசெய்யாமல் விட்டாரா என்பதையே நீதிமன்றம் முதலில் பார்க்கும் என்பதாலும், ரசீதின் தேதியைத்தான் அவர் பெரிதாக எடுத்துக்கொண்டார். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, வேறு உடன்பாடு இல்லாதவரை, கட்டட அமைப்புப் பழுதுகளையும் மின்கம்பி இணைப்புகளையும் உரிமையாளரிடமும், குழாய் வாஷர், சுவிட்சு போன்றவற்றைக் குடித்தனக்காரரிடமும் விடுகிறது என்பதை அட்டவணையைப் பிரித்துக் காட்டியே சொன்னார். (வாடகை ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே யாராவது இதைக் காட்டியிருக்கலாம்.) விழுந்த நேரத்தில் குடித்தனக்காரரின் தோளில் கேஸ் சிலிண்டர் இருந்ததாக எதிர்வீட்டார் கூறியதையும் குறித்துக்கொண்டார், காயம்பட்டவரின் கவனக்குறைவும் காரணம் என்று நிறுவப்பட்டால், இழப்பீடு அந்த அளவுக்குக் குறையுமாம்.

சம்மன் கிடைத்து 30 நாட்களுக்குள் எதிருரை (வழக்குக்கு நம் எழுத்துப்பூர்வமான பதில்) தாக்கல் செய்ய வேண்டும், தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் அதை மொத்தம் 90 நாட்கள் வரை நீட்டிக்கலாம் என்று சொன்ன அவர், நீட்டிப்புக் கேட்காமல் குறித்த காலத்திலேயே தாக்கல் செய்துவிட்டார்.

குறைகளும் உண்டு. குமாஸ்தாவிடமிருந்து வாய்தா தேதியைத் தெரிந்துகொள்வது பெரும்பாடாக இருப்பதால், நான் இ-கோர்ட்ஸ் செயலியிலேயே பார்த்துக்கொள்கிறேன். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொண்டால் நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், ஆனால் அந்தத் தீர்வுக்கு மேல்முறையீடு இல்லை என்பது நான் கேட்ட பிறகுதான் சொல்லப்பட்டது. அதை முதல் சந்திப்பிலேயே கூறியிருந்தால், வழக்குரைஞர் கட்டணம் கட்டுமுன் என் தந்தை வேறு விதமாகவும் யோசித்திருப்பார்.

வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஆவணங்களைப் படித்துவிட்டுப் பேசும் வழக்கறிஞர் வேண்டும் என்போருக்கு இவ்வலுவலகம் ஏற்றது. தவணையாகக் கட்டணம் வாங்கிக்கொள்கிறார்கள், ஆனால் ஒவ்வொரு தவணைக்கும் ரசீதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.