"நம்ம ஆள்" என்று நம்பி வீட்டு வேலையைக் கொடுத்தோம்: டர்பனில் இருப்பவர்கள் கொஞ்சம் படியுங்கள்

போன வாரம் கோயிலில் ஒரு தங்கச்சி என்னிடம் கேட்டாள்: "அக்கா, வீட்டு வேலைக்கு மூணு பேர்கிட்ட விலை கேட்டோம். ஒருத்தர் மட்டும் பாதிக்குக் கொஞ்சம் மேலதான் சொல்றார். அவருக்கே கொடுத்துடலாமா?" எனக்குப் பதறிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் நின்ற அதே இடத்தில் அவள் நிற்கிறாள். அவளிடம் அவசரமாகச் சொன்னதை இங்கே விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்தியர்கள் அதிகம் இருக்கும் சாட்ஸ்வர்த் பகுதியில். இனம் இனமாக ஆட்களைப் பிரித்துக் குடிவைத்த குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி இந்தியர்களை இருந்த இடத்திலிருந்து கிளப்பி, 1960களில் நகராட்சி வரிசை வரிசையாகக் கட்டிய ஒட்டு வீடுகளில் ஒன்று. சுவர் உறுதிதான். ஆனால் பின்சுவரில் ஓதம் ஏறி பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது, குளியலறை பழசு, கீசர் எந்த நேரமும் போய்விடும் நிலை. பின்பக்கத் தாழ்வாரத்துக்கு மேலே பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வேறு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று 2023 செப்டம்பரில் மூன்று பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் 1,64,000 ரேண்ட் சொன்னார், இன்னொருவர் 1,51,000. மூன்றாமவர் சொன்னது 98,000.

அந்த மூன்றாமவரை நாங்கள் சந்தித்தது ஆடி மாதக் கூழ் ஊற்றும் பூசையில். வரிசையில் நின்றவர்களுக்கு ஓடி ஓடிப் பரிமாறினார். இங்கே பிறந்து வளர்ந்தவர்தான், தமிழ் நாலு வார்த்தை வரும், அந்த நாலு வார்த்தையில் "அக்கா" ஒன்று. "அக்கா, நம்ம ஜனத்துகிட்ட நான் லாபம் பார்க்க மாட்டேன்" என்று ஆங்கிலமும் தமிழுமாகச் சொன்னார். தென்காசியிலிருந்து வந்து பதினோரு வருஷமாக, "அக்கா" என்ற ஒரு சொல்லைக் கேட்டாலே உருகிப்போகிறவள் நான். என் கணவர் தயங்கினார். நான்தான் அவரைச் சம்மதிக்க வைத்தேன்.

இங்கே "பக்கி பில்டர்" என்று ஒரு பேச்சு உண்டு. பின்னால் திறந்த சின்ன லாரியைத் தென்னாப்பிரிக்காவில் பக்கி என்பார்கள். ஒரு பக்கி, ஒரு ஏணி, ஒரு கைப்பேசி எண், இவ்வளவுதான் அவர்களுடைய கம்பெனி. அவர்களில் நல்ல தொழிலாளிகளும் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு, நானூறு பேருக்கு மேல் செத்துப்போன அந்த மழைக்குப் பிறகு, கரண்டி பிடிக்கத் தெரியாதவர்கள்கூட எங்கள் தெருவில் "ரிப்பேர் செய்கிறோம்" என்று வந்து கதவைத் தட்டினார்கள். இவரும் அப்படித் தொடங்கியவர் என்று பின்னால்தான் தெரிந்தது.

பொருள், கூலி எல்லாம் சேர்த்து ஒரே தொகை என்றார். முன்பணம் அறுபது சதவீதம், அதாவது 58,800. "பொருள் வாங்க வேண்டுமே அக்கா" என்றார். கொடுத்தோம். எந்தப் பொருள், எத்தனை மூட்டை, என்ன ரகம் என்று ஒரு வரிகூட எழுதி வாங்கவில்லை. நாங்கள் செய்த முதல் தப்பு அதுதான். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது.

அக்டோபரில் வேலை ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு ஆயா (இங்கே பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள்) ஒரு நாள் வேலியோரம் என்னைக் கூப்பிட்டார். சாயங்காலம் தார்ப்பாய் போர்த்தி பக்கி கிளம்பும்போது அடியில் சிமெண்ட் மூட்டை தெரிகிறது, ஏன் திரும்பிப் போகிறது என்று கேட்டார். நான் பில்டரிடம் விசாரித்தேன். "வேற சைட்டுக்கு அக்கா, நாளைக்குப் புதுசு வரும்" என்றார். அன்று ராத்திரி குப்பை மூலையில் கிடந்த காலிப் பைகளை எண்ணினேன். பதினொன்று. அவர் காட்டிய பில்லில் இருபத்திரண்டு. அப்போதே வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். "சரி, பாதி வேலை ஆகிவிட்டது, இப்போது சண்டை எதற்கு" என்று விட்டுவிட்டோம்.

டிசம்பர் நடுவில் இங்கே கட்டட வேலை மொத்தமும் நின்றுவிடும். பில்டர்ஸ் ஹாலிடே என்பார்கள், ஜனவரி தொடங்கிய பிறகுதான் திரும்புவார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் வந்து, "பசங்களுக்குப் பண்டிகைக்குச் சம்பளம் கொடுக்கணும்" என்று இன்னொரு 25,000 வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்குப் பார்த்ததுதான். ஜனவரியில் கூப்பிட்டால் மணி அடித்தது. பிப்ரவரியில் அதுவும் இல்லை.

அதற்குள் வீடு தன் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. பின்சுவரில் பூசி இரண்டு மாதம் ஆகாத இடத்தில் என் பையன் பந்து பட்டது. பட்ட இடத்தில் ஒரு கையகலம் பொலபொலவென்று கொட்டியது. சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் கரண்டியை எடுத்துவந்து அதன் காம்பால் சுரண்டிப் பார்த்தேன். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. விரலில் எடுத்துத் தேய்த்தால் வெறும் மணல், சிமெண்டின் சாம்பல் நிறமே இல்லை. குளியலறை டைல்ஸை விரல் முட்டியால் தட்டினால் ஒவ்வொன்றும் பானை மாதிரி ஒலித்தது. ஒன்று தானாகப் பெயர்ந்து விழுந்தபோது பின்பக்கம் பார்த்தேன்: நாலு மூலையில் நாலு உருண்டை பசை, நடுவில் ஒன்று. முழுப் பரப்பிலும் பசை தடவிச் சீப்பால் கோடிழுத்து ஒட்ட வேண்டிய டைல். நடுவே இருந்த வெற்றிடமெல்லாம் தண்ணீர் தேங்கிப் பூஞ்சை பிடித்திருந்தது. டைலுக்கு அடியில் போட வேண்டிய நீர்க்காப்புப் பூச்சு ஷவர் மூலையில்கூட இல்லை.

கீசர் கதை இன்னும் மோசம். புதுசு என்று பில் போட்டிருந்தார். ஒரு ராத்திரி கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே ஒழுகி, சீலிங் பலகை நனைந்து கட்டிலின் மேல் விழுந்தது. நல்லவேளை பிள்ளைகள் எங்களோடு படுத்திருந்தார்கள். இன்ஷூரன்ஸிலிருந்து வந்தவர் மேலே ஏறிப் பார்த்தார். கீசரின் வரிசை எண் சுரண்டப்பட்டிருந்தது, பழசைச் சரிசெய்து மாட்டியிருக்கிறார்கள். அடியில் தண்ணீர் பிடிக்கும் தட்டு இல்லை, அதிலிருந்து வெளியே போகும் குழாயும் இல்லை. கீசர் மாட்டுவதற்கு சான்ஸ் 10254 என்று இங்கே ஒரு தர விதி இருக்கிறது. அதன்படி மாட்டவில்லை, பதிவுபெற்ற பிளம்பர் கொடுத்த சர்டிஃபிகேட்டும் இல்லை என்று இழப்பீட்டை மறுத்துவிட்டார்கள்.

ஆஸ்பெஸ்டாஸைப் பற்றி எழுதும்போது எனக்கு இப்போதும் கை நடுங்குகிறது. தாழ்வாரத்து ஷீட்டை முழுசாக இறக்காமல் சுத்தியலால் உடைத்தே இறக்கினார்கள். அவரிடம் கூலிக்கு வந்த இரண்டு பையன்கள் மூக்கில் ஒரு துணிகூடக் கட்டாமல் வாசலில் குவித்தார்கள். என் பிள்ளைகள் அங்கேதான் விளையாடுவார்கள். அந்தத் தூசியிலிருக்கும் நார் நுரையீரலுக்குள் போனால் இருபது, முப்பது வருஷம் கழித்துக்கூடப் புற்றுநோயாக வரலாம். அதற்காகத்தான் தென்னாப்பிரிக்கா 2008லேயே அதைத் தடை செய்தது. 2020இல் வந்த விதிகளின்படி பழைய ஷீட்டைப் பிரிப்பதற்குப் பதிவுபெற்ற ஆட்கள் வேண்டும். அவர்கள் ஈரமாக்கி, உடைக்காமல் இறக்கி, கனமான பிளாஸ்டிக்கில் சுற்றி, அதற்கென்று அனுமதி உள்ள இடத்தில் கொண்டுபோய்ப் போடுவார்கள். முதல் இரண்டு பேரும் அதற்குத் தனியாக ஒரு தொகை போட்டிருந்தார்கள். "ஷீட்டை இறக்குவதற்கு இவ்வளவா?" என்று நான் கேட்டது நினைவிருக்கிறது.

ஜனவரி கடைசியில் அந்த இரண்டு பையன்களும் எங்கள் கேட்டில் வந்து நின்றார்கள். பண்டிகைக்குச் சம்பளம் வரவில்லையாம். "மேடம் பணம் கொடுக்கவில்லை" என்று அவர் சொல்லியிருக்கிறார். நான் கைப்பேசியில் வங்கிக் கணக்கைத் திறந்து காட்டினேன். பெரியவன் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். தினக்கூலி எவ்வளவு என்று கேட்டேன். 150 ரேண்ட். அந்த வருஷம் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 25.42, எட்டு மணி நேரத்துக்கு 203க்கு மேல் வரும். கலவை எப்படிப் போட்டீர்கள் என்றும் கேட்டேன். வெளிச்சுவர்ப் பூச்சுக்கு ஒரு மூட்டை சிமெண்டுக்கு மூன்று தள்ளுவண்டி மணல்தான் கணக்கு. இவர்களை ஏழு வண்டி போடச் சொல்லியிருக்கிறார்.

98,000 எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. சிமெண்ட் இருக்க வேண்டிய இடத்தில் மணல், அந்தப் பையன்களின் வயிறு, எங்கள் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்று, செய்யாமல் விட்ட சர்டிஃபிகேட்டுகள். இவற்றிலிருந்துதான் வந்தது. அவர் சாமர்த்தியமாகப் பொருள் வாங்கி மிச்சம் பிடித்துக் கொடுத்த விலை இல்லை அது.

சண்டை போட நினைத்தோம். கையில் ஒரு கைப்பேசி எண்ணைத் தவிர எதுவும் இல்லை. சின்னத் தொகை வழக்குகளைப் பார்க்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்கு வக்கீல் வேண்டாம், வக்கீல் வைத்து வாதாடவும் முடியாது. ஆனால் எதிராளியின் முகவரி வேண்டும். முதலில் 14 நாள் அவகாசம் கொடுத்து ஒரு கோரிக்கைக் கடிதம் அவர் கைக்குப் போக வேண்டும். அப்புறம்தான் சம்மன். வீடு தெரியாமல் எதை எங்கே கொடுப்பது? கடைசியில் வழி காட்டியது அந்தப் பெரிய பையன்தான். அந்தக் கோர்ட்டில் 20,000 ரேண்ட் வரைதான் கேட்க முடியும். எங்கள் நஷ்டம் அதைவிடப் பல மடங்கு. மேலே உள்ளதை விட்டுக்கொடுத்துவிட்டு 20,000க்கு வழக்குப் போட்டோம். படங்கள், வாட்ஸ்அப் செய்திகள், பில்கள் எல்லாம் கொண்டுபோனோம். பில்லில் 15 சதவீத வாட் வரி போட்டிருந்தார். அதிலிருந்த எண்ணை வருமான வரித்துறையான சார்ஸ் இணையதளத்தில் தேடினால் அப்படி ஒரு பதிவே இல்லை. உண்மையான வாட் எண் 4இல் தொடங்கும், பத்து இலக்கம். பணம் கொடுக்கும் முன் ஒரு நிமிஷம் தேடியிருந்தால் தெரிந்திருக்கும். தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. இதுவரை கைக்கு வந்தது 6,000.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் எங்களிடம் என்.ஹெச்.பி.ஆர்.சி. என்கிற வீடு கட்டுவோர் பதிவுக் கவுன்சிலின் பெயரைச் சொல்லித் தைரியம் கொடுத்தார். 1998ஆம் வருஷச் சட்டப்படி அந்தக் கவுன்சில் தரும் உத்தரவாதம் புதிதாகக் கட்டும் வீட்டுக்கு. எங்களைப் போல பழைய குளியலறையை மாற்றுகிறவர்களுக்கு அது துணைக்கு வரவில்லை. 2008ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் உதவும். வேலை சரியில்லை என்றால் சரிசெய்து கொடு, இல்லையென்றால் நியாயமான பங்கைத் திருப்பிக் கொடு என்று கேட்கும் உரிமை அதில் இருக்கிறது. ஆனால் ஆள் கையில் கிடைக்க வேண்டும்.

மறுபடியும் செய்தபோது செலவைக் குறைத்துத்தான் செய்தோம். அதனால் செலவைக் குறைக்காதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். இந்த முறை பொருளை நாங்களே வாங்கினோம், கொத்தனாருக்குக் கூலி மட்டும். பழைய டைல்ஸைக் கொத்தி எடுத்தது, குப்பை அள்ளியது எல்லாம் நாங்களும் மைத்துனர் குடும்பமும் இரண்டு சனி ஞாயிறில். டைல்ஸ் கடையில் மீந்துபோன ரகம் தள்ளுபடியில் கிடைத்தது. பத்து சதவீதம் கூடுதலாக வாங்கினோம், ஏனென்றால் பிறகு அந்த ரகம் கிடைக்காது. வாஷ்பேசினும் கதவும் இடித்த வீட்டுச் சாமான் விற்கும் இடத்தில் வாங்கினோம், இரண்டும் கெட்டிச் சாமான். மணல் வந்ததும் ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி மணலும் தண்ணீருமாகக் குலுக்கி வைத்தேன். மறுநாள் மேலே களிமண் தடிமனாகப் படிந்திருந்தால் அந்த லோடு பூச்சுக்கு ஆகாது. ஒரு லோடைத் திருப்பியே அனுப்பினோம். கடல் மணல் மலிவாகத் தருகிறேன் என்று யார் வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உப்பு சுவரை விடாது, உள்ளே இருக்கும் கம்பியையும் விடாது.

கூலியை வேலை முடிய முடிய நாலு தவணையாகக் கொடுத்தோம். கடைசிப் பத்து சதவீதத்தை ஒரு மாதம் மழை பார்த்துவிட்டுத் தருவதாக முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டோம். கொத்தனார் மறுபேச்சு இல்லாமல் கையெழுத்துப் போட்டார். அவருடைய அடையாள அட்டை, வீட்டு முகவரி, ஆட்கள் அடிபட்டால் நஷ்டஈடு கிடைப்பதற்கான லெட்டர் ஆஃப் குட் ஸ்டாண்டிங், எல்லாவற்றுக்கும் நகல் வாங்கினோம். கீசருக்கும் மின் இணைப்புக்கும் பேரம் பேசவில்லை. பதிவுபெற்ற ஆளைத்தான் கூப்பிட்டோம், வேலை முடிந்த அன்றே இரண்டு சர்டிஃபிகேட்டும் கைக்கு வந்தன. மின் வேலைக்கு அந்தக் காகிதம் இல்லாவிட்டால் நாளைக்கு வீட்டை விற்கும்போதும் மாட்டிக்கொள்வோம்.

கோயிலில் கேட்ட அந்தத் தங்கச்சியிடம், குறைந்த விலை சொன்னவர் அனுப்பிய வேலைப் படங்களைக் காட்டச் சொன்னேன். கைப்பேசி எண் வேறு, பெயரும் வேறு. மூன்றாவது படத்தில் வெளிர்நீல டைல்ஸ், நடுவில் ஒரு வரிசை மீன் படம், ஜன்னல் ஓரத்தில் என் பையனின் சிவப்பு வாளி. அது எங்கள் குளியலறை, டைல்ஸ் விழ ஆரம்பிப்பதற்கு முன் எடுத்த படம். அந்தப் படத்தை யாராவது உங்களுக்கு அனுப்பினால் பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.