கிணற்றுத் தண்ணீரில் பூச்சிமருந்து: கணக்கா, வரைபடமா, பரிசோதனையா?

வயலுக்கு நடுவே குடிதண்ணீர்க் கிணறு இருக்கும் ஊரில், அடித்த மருந்து தண்ணீருக்கு வருமா என்று அறிய மூன்று வழிகள் உண்டு. மருந்தின் குணத்தை வைத்துக் கணக்குப் போடலாம், நிலத்தின் குணத்தை வைத்து வரைபடம் போடலாம், தண்ணீரையே எடுத்துச் சோதிக்கலாம். பெரும்பாலோர் நேரே மூன்றாவதற்குப் போகிறார்கள். பணம் வீணாவது அங்கேதான்.

கணக்கில் எளியது 1989-இல் வந்த கஸ் (GUS) குறியீடு. இரண்டே எண்கள் போதும்: மண்ணில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நாட்கள் (அரைவாழ்வு), மண்ணின் கரிமத்தோடு அது எவ்வளவு ஒட்டும் என்பதைச் சொல்லும் கேஓசி. அரைவாழ்வின் மடக்கையை (10 அடிமான log), 4-லிருந்து கேஓசியின் மடக்கையைக் கழித்து வருவதோடு பெருக்க வேண்டும். விடை 2.8-க்கு மேல் போனால் மருந்து கீழே இறங்கக்கூடியது, 1.8-க்குக் கீழ் என்றால் மேல்மண்ணிலேயே தங்கும்.

குளோர்பைரிபாஸ் (அரைவாழ்வு 30 நாள், கேஓசி 6070): கஸ் 0.3
கார்போபியூரான் குருணை (50 நாள், 22): 4.5
இமிடாகுளோபிரிட் (191 நாள், 225): 3.8
சைபர்மெத்ரின்: சுழிக்கும் கீழே

நாற்றம் தூக்கும் குளோர்பைரிபாஸைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். மண் வழியே கிணற்றுக்கு வரக்கூடியவை வாசனையே தெரியாத கார்போபியூரானும் இமிடாகுளோபிரிடும். ஐந்து நிமிடத்தில் இதைக் காட்டிவிடுவது கஸ்ஸின் பலம். ஆனால் உங்கள் மண் மணலா களியா, தண்ணீர் 2 மீட்டரில் இருக்கிறதா 30 மீட்டரில் இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

அந்தக் குறையைப் போக்குவது தணிவுக் காரணிக் கணக்கு. நீர்மட்ட ஆழம், மண்ணின் கரிம அளவு, ஈரம் பிடிக்கும் திறன், கீழே இறங்கும் மழைநீர் ஆகியவற்றையும் சேர்த்து, எத்தனை சதவீத மருந்து தப்பிக் கீழே போகும் என்று சொல்லும். நம் ஊரில் இதில் ஒரு பெரிய தவறு நடக்கிறது. வேதாரண்யம் பக்கத்துக் கடலோர மணலைப் போன்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம்: கரிமம் 0.2%, கன அடர்த்தி 1.6, ஈரம் பிடிக்கும் திறன் 10%, நீர்மட்டம் 2 மீட்டர், கீழே இறங்கும் மழைநீர் 400 மி.மீ. இந்த 400 மி.மீட்டரை ஆண்டு முழுவதற்கும் பரப்பினால், கார்போபியூரான் நீர்மட்டத்தைத் தொட 311 நாள் ஆகும். அதற்குள் தேய்ந்து 1.3% மட்டுமே மிஞ்சும். கவலை இல்லை என்று எழுதிவிடுவார்கள். ஆனால் வடகிழக்குப் பருவமழை அப்படிப் பெய்வதில்லை. அதே 400 மி.மீ. 60 நாளில் இறங்கினால் பயணம் 51 நாள்தான், மிஞ்சுவது கிட்டத்தட்ட பாதி. எண்கள் எல்லாம் அதேதான், மழையைப் பரப்பிய விதம் மட்டும் வேறு. ஆகவே ஆண்டுச் சராசரியில் போட்ட கணக்கை யார் கொடுத்தாலும் ஏற்காதீர்கள். அரைவாழ்வு எண்கள் மேல்மண்ணில் அளந்தவை என்பதையும் மறக்கக் கூடாது. நுண்ணுயிர் குறைந்த அடிமண்ணில் மருந்து இன்னும் மெதுவாகவே சிதையும்.

கரிசலில் இந்தக் கணக்குகள் இரண்டும் தோற்கும். கோடையில் வெடித்த நிலத்தில் முதல் மழை வெடிப்பு வழியே நேராக இறங்கும். மண்ணில் ஒட்ட அதற்கு நேரமே கிடையாது.

இரண்டாவது வழி டிராஸ்டிக் வரைபடம். நீர்மட்ட ஆழம், நீர் ஊறும் அளவு, நீர்த்தாங்கிப் பாறை, மண், சரிவு, இடைப்படுகை, நீர் கடத்தும் திறன் என்று ஏழுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டுவது. பொது வடிவத்தில் மண்ணுக்கு எடை 2. பூச்சிமருந்துக்கான வடிவத்தில் 5. பலர் பொது வடிவத்தையே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். மருந்தைப் பற்றி இதற்கு எதுவும் தெரியாது என்பதால் ஒரு தனிக் கிணற்றுக்கு இதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒன்றியத்தில் எந்த ஊர்க் கிணறுகளை முதலில் சோதிக்கலாம் என்று முடிவெடுக்க மட்டும் நல்லது.

கடைசி வார்த்தை பரிசோதனைக்குத்தான், எதைத் தேடுவது என்று தெரிந்து அனுப்பினால். குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500:2012-இல் மருந்துப் பட்டியல் ஒன்று உண்டு. குளோர்பைரிபாஸுக்கு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம், மோனோகுரோட்டோபாஸுக்கு 1 என்று வரம்புகள் இருக்கின்றன. கார்போபியூரானும் இமிடாகுளோபிரிடும் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் ‘தரத்துக்குள் உள்ளது’ என்று வரும் அறிக்கை, கஸ் எச்சரித்த இரண்டையும் தேடாமலேயே வந்திருக்கலாம். மருந்தின் பெயரைச் சொல்லி, மிக நுண்ணிய அளவையும் கண்டுபிடிக்கும் எல்சி-எம்எஸ்/எம்எஸ் (LC-MS/MS) முறையில், லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் வரை அளந்து தரும்படி எழுத்தில் கேளுங்கள்.

மாதிரி எடுப்பதிலும் பிழை வரும். மோட்டாரை 10, 15 நிமிடம் ஓடவிட்டு, தொட்டிக்குப் போகும் முன், குளோரின் படாத தண்ணீரைப் பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் பிடிக்க வேண்டும். குளோரின் பட்டால் குளோர்பைரிபாஸ் ஆக்சான் என்ற வேறு பொருளாக மாறிவிடும். ஆய்வகம் மாறாத மூல மருந்தை மட்டும் தேடினால் ‘இல்லை’ என்று வரும். கார்போபியூரான் காரத் தண்ணீரில் நிற்காது, பிஎச் 9-இல் சில மணி நேரத்திலேயே பாதி போய்விடும். அதைத் தேடுவதானால் ஆய்வகத்திடமே அமிலம் சேர்த்த புட்டியை வாங்கி, ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள். மணலில் பருவமழை ஓயும் டிசம்பர், ஜனவரியில் எடுங்கள். கரிசலில் முதல் பெருமழை முடிந்ததும்.

கிணற்று மேடையிலேயே மருந்து கலக்கும் பழக்கம் இருந்தால், குறியீடு எதுவும் பார்க்கத் தேவையில்லை. இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்எல் என்ற திரவ மருந்தில் 10 மில்லி சிந்தினால் அதில் 2 கிராம் மருந்து. 2 கோடி லிட்டர் தண்ணீரில் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் மருந்து ஏற அதுவே போதும். குழாயைத் தெளிப்பான் டேங்கில் முக்கி வைத்திருக்கும்போது கரண்ட் போனால், மருந்துத் தண்ணீர் கிணற்றுக்குத் திரும்ப உறிஞ்சப்படும். இங்கே மண் குறுக்கே வராது, கஸ் 0.3 என்று சொன்ன குளோர்பைரிபாஸும் அப்படியே உள்ளே போகும். அத்தகைய கிணற்றில் முதல் செலவு ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. கலக்கும் இடத்தைத் தள்ளி வைத்த பிறகு மாதிரி எடுத்துக்கொள்ளலாம்.