மூன்று வார லீவும் மூன்று மாத ஸ்கோப்பும்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் மறுபடி வந்தால்

அப்பாவுக்கு மூத்திரப்பையில் கட்டி திரும்ப வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு வெளிநாட்டிலிருந்து ஓடிவருகிறவர்கள், லீவு முடிவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிடப் பார்க்கிறார்கள். இந்த நோய் அப்படி முடிவதில்லை. வாரம் ஒன்றாக ஆறு வாரம் மருந்து, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கோப் (சிறுநீர்ப் பாதை வழியே கேமராக் குழாய் விட்டு மூத்திரப்பைக்குள் பார்ப்பது), அதுவும் இரண்டு வருஷம். அதனால் எந்தச் சிகிச்சை நல்லது என்று கேட்கும்போதே, நாம் விமானம் ஏறியபின் யார் கூட்டிப்போவார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

முதல் வேலை காகிதம். "திரும்ப வந்துவிட்டது" என்ற ஒரே பேச்சுக்குள் மூன்று தனித்தனி நிலைமைகள் இருக்கின்றன. மேல்தோலோடு நிற்கும் லோ கிரேடு (வீரியம் குறைந்த) கட்டி என்றால் பதற்றம் வேண்டாம், சிறுநீர்ப் பாதை வழியாகவே சுரண்டி எடுத்துவிட்டுக் கண்காணிக்கலாம். ஹை கிரேடு (வீரியம் மிக்கது), டி1 (மேல்தோலுக்கு அடியில் இறங்கி, தசையை எட்டாதது), அல்லது சிஐஎஸ் (மேல்தோலிலேயே தட்டையாகப் படரும் வீரியமிக்க வகை) என்று எழுதியிருந்தால் தீவிரம். டி2 என்றால் தசைக்குள் இறங்கிவிட்டது, அது வேறு பாதை. பயாப்ஸி ரிப்போர்ட்டில் தேட வேண்டிய ஒரு வரி: எடுத்த சதையில் தசை இருந்ததா? டி1 என்று சொல்லிவிட்டுத் தசையைப் பற்றி ஒன்றும் இல்லையென்றால் அந்த ரிப்போர்ட் பாதிதான். 2 முதல் 6 வாரத்துக்குள் அதே இடத்தை மறுபடி சுரண்டிப் பார்க்காமல் அடுத்த முடிவெடுக்கக் கூடாது.

இரண்டாவது கருத்துக்குப் போகும்போது ரிப்போர்ட் நகல் மட்டும் போதாது. ஸ்லைடும் (சதையை மெல்லிசாகச் சீவி ஒட்டிய கண்ணாடித் துண்டு) பிளாக்கும் வேண்டும். பிளாக் என்பது சின்ன பிளாஸ்டிக் சட்டத்தில் மெழுகுக்குள் பதிந்த சதைத் துண்டு, தீப்பெட்டியைவிடச் சின்னது. லேபில் கேட்டால், "எழுதிக் குடுங்க சார், ரெண்டு நாள் ஆகும்" என்பார்கள். வந்த அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள். சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டில் அதை வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும்.

அடுத்தது பிசிஜி கணக்கு. கட்டி திரும்பாமலிருக்க டியூப் வழியாக மூத்திரப்பைக்குள் விடும் மருந்து அது. "பிசிஜி போட்டோம், கேட்கவில்லை" என்று வீட்டில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரிகளை வரிசையாக அடுக்கி டோஸை எண்ணுங்கள். முதல் ஆறில் குறைந்தது ஐந்தும், அதன்பின் மூன்றில் இரண்டும் போயிருந்தால்தான் போதுமான அளவு கொடுத்ததாகக் கணக்கு. மூன்று டோஸோடு நிறுத்தியவருக்கு மருந்து தோற்றது என்று சொல்ல முடியாது. அவருக்குப் பிசிஜியையே ஒழுங்காக மறுபடி தொடங்கலாமா என்பதுதான் கேள்வி.

பாதியில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள்தான். எரிச்சலுக்குப் பக்கத்து மெடிக்கலில் சிப்ரோஃப்ளாக்ஸசின் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். பிசிஜி உயிருள்ள கிருமி, அந்த மாத்திரை அதைக் கொன்றுவிடும். போட்ட மருந்து வீண். சிறுநீரில் ரத்தம் வரும்போதோ, டியூப் போடுகையில் காயம் பட்டாலோ அன்றைக்குப் போடக் கூடாது, ஒரு வாரம் தள்ளிவைக்க வேண்டும். இன்னொன்று இந்தப் பக்கத்துக்கே உரியது. மருந்தை உள்ளே 2 மணி நேரம் அடக்க வேண்டும். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் ஏறத்தாழ அவ்வளவு நேரம்தான் என்று நினைத்து மருந்தோடேயே பஸ் ஏறிவிடுகிறார்கள். அத்திப்பள்ளி நெரிசலில் மாட்டினால் என்ன ஆகும்? ஆஸ்பத்திரியிலேயே இருந்து, கழித்துவிட்டுக் கிளம்புங்கள். வீட்டிலும் 6 மணி நேரத்துக்கு உட்கார்ந்தே சிறுநீர் கழித்து, ஒவ்வொரு முறையும் ப்ளீச் ஊற்றி 15 நிமிஷம் விட்டுத் தண்ணீர் விட வேண்டும். 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல் ஒரு நாள் தாண்டியும் நின்றால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். பிசிஜி ரத்தத்தில் பரவியிருக்கலாம், அதற்குக் காசநோய் மருந்து தேவைப்படும்.

போதுமான பிசிஜிக்குப் பிறகும் ஹை கிரேடு திரும்பினால்? உடம்பு தாங்குமானால் மூத்திரப்பையையே எடுத்துவிடும் ஆபரேஷன்தான் இன்றைக்கும் உறுதியான வழி. "வயித்துல பை மாட்டிக்கணுமா" என்ற பயத்தில் தள்ளிப்போட்டு, தசைக்குள் இறங்கியபின் வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது. சிறுகுடலில் 15 முதல் 20 செ.மீ. எடுத்து, சிறுநீர் வெளியேற வயிற்றில் வாசல் வைப்பார்கள், ஒட்டும் பையை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அந்த வாசலுக்கு ஆபரேஷனுக்கு முன்பே குறி போடச் சொல்லுங்கள். படுக்கவைத்து மட்டுமல்ல, வேட்டி கட்டி, அரைஞாண் கயிறோடு உட்காரவைத்து, நிற்கவைத்துப் போட வேண்டும். வேட்டி இறுக்கும் இடத்தில் வாசல் அமைந்தால் பை ஒட்டாது, வியர்வையில் கழன்று ஒழுகும்.

ஆபரேஷன் வேண்டாம் என்பவர்களுக்கும் முடியாதவர்களுக்கும் இங்கே நடைமுறையில் கைக்கு எட்டுவது ஜெம்சிட்டபின், டோசிடாக்செல் என்ற இரண்டு கீமோ மருந்துகளை அடுத்தடுத்து மூத்திரப்பைக்குள் விடுவது. இரண்டும் இந்தியாவிலேயே தயாராகும் மருந்துகள். வாரம் ஒன்றாக ஆறு, பிறகு மாதம் ஒன்றாக இரண்டு வருஷம். பிசிஜி போலக் கிருமிப் பயம் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் ஊசிக்கு அமெரிக்காவில் இந்த நிலைக்கு 2020 ஜனவரியில் அனுமதி கிடைத்தது, செலவு மிக அதிகம். 2022 டிசம்பரில் அங்கே அனுமதி பெற்ற ஜீன் சிகிச்சையை நம்பி இங்கே மாதக்கணக்கில் காத்திருப்பது சரியில்லை என்பது எங்கள் கருத்து. டி2 ஆனவர்களில் சிலருக்குச் சுரண்டல், கீமோ, கதிர்வீச்சு மூன்றையும் சேர்த்து மூத்திரப்பையைக் காப்பாற்றலாம். கதிர்வீச்சு நான்கு வாரத்தில் 20 தடவையில் முடிகிற முறையும் உண்டு. சிறுநீரகம் வீங்கியிருந்தாலோ சிஐஎஸ் பரவலாக இருந்தாலோ பையைக் காப்பாற்றும் இந்த வழி பொருந்தாது.

எங்கே போவது? தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியும் போலுப்பள்ளியில் இருக்கும் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியும் அவசரத்துக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் அருகில் இருப்பவை. பெரிய முடிவுகளுக்குத் தருமபுரிக்காரர்கள் தொப்பூர் கணவாய் தாண்டி சேலம் போகிறார்கள், கிருஷ்ணகிரிக்காரர்கள் வேலூர் சி.எம்.சி.க்கோ பெங்களூரு கிட்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்கோ போகிறார்கள். எங்கே முடிவெடுத்தாலும், மூன்று மாத ஸ்கோப் பக்கத்திலேயே நடக்குமா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், விஏஓ சான்றும் ரேஷன் கார்டும் கேட்பார்கள். 70 வயது தாண்டியவர்களுக்கு வருமான வரம்பில்லாத ஆயுஷ்மான் அட்டை உண்டு. மாநில எல்லை தாண்டினால் எந்த அட்டை செல்லும் என்பதை அட்மிஷனுக்கு முன்பே கேளுங்கள், பில் கவுண்டரில் அல்ல.

லீவுக் கணக்குப் போடும்போது, சுரண்டிய பிறகு 10 முதல் 14 நாளில் பொருக்கு உதிர்ந்து மறுபடி ரத்தம் வரலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் விமானம் ஏறாதீர்கள், முக்கவோ குடம் தூக்கவோ அவரை விடாதீர்கள். ரத்தம் கட்டியாகி மூத்திரம் அடைத்துவிட்டால் 14 சைஸ் மெல்லிய டியூப் உதவாது, அதுவும் அடைத்துக்கொள்ளும். 22 சைஸ் மூன்று வழி டியூப் போட்டுக் கட்டிகளைக் கழுவி எடுக்க வேண்டும். ராத்திரி ஒரு மணிக்குச் சின்ன ஆஸ்பத்திரியில் அந்த டியூப் இல்லாமல் போகலாம். அந்த டியூப் ஒன்றும், 50 மில்லி கழுவும் சிரிஞ்சு ஒன்றும் மெடிக்கலில் வாங்கி, கடைசி டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒரே கவரில் போட்டுப் பீரோவில் வைத்துவிடுங்கள். 108-ல் ஏறும்போது அந்தக் கவரும் கூடப் போக வேண்டும் என்று வீட்டில் இருக்கும் எல்லோருக்கும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லிவையுங்கள்.