குவிட் சொன்ன பிறகும் போகாத எக்செல்: எந்த வழி தேவலாம்?

குலசேகரம், மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர் ஷீட் கடைகள் பலவற்றில் கணக்கு இன்னும் எக்செல்லில்தான். எடை, கிரேடு, அன்றைய விலை, மரத்திலும் சிரட்டையிலும் உறைந்துபோகும் ஒட்டுப்பாலுக்குத் தனிப் பத்தி. இதன் மேல் சி ஷார்ப்பில் ஒரு ப்ரோகிராம் எழுதி, சீட்டு அடிக்கிற வேலையைத் தானாக நடக்க வைக்கலாம். காலையில் நன்றாக ஓடும். சாயங்காலம் கடைக்காரர் போன் செய்வார்: "மக்களே, பைலு திறக்க மாட்டேங்கு. வேற ஆளு திறந்து வச்சிருக்குன்னு எம் பேரையே காட்டுது!" டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் ஜன்னல் எதுவும் இல்லாமல் எக்செல் வரிசையாக நிற்கும்.

எக்செல்லை மூடச் சொல்லும் குவிட் கட்டளையைக் கொடுத்திருப்போம். ஆனாலும் நம் ப்ரோகிராம் எக்செல்லின் ஏதாவது ஒரு பொருளைப் பிடித்திருக்கும் வரை அது போகாது. தொடுகிற ஒவ்வொரு பொருளுக்கும் சி ஷார்ப் ஓடும் தளமான .நெட், ஆர்சிடபிள்யூ (ரன்டைம் காலபிள் வ்ராப்பர்) என்ற உறை ஒன்றைப் போடுகிறது. உறை இருந்தால் பிடியும் இருக்கிறது என்று அர்த்தம்.

பலரும் முதலில் போவது மார்ஷல்.ரிலீஸ்காம்ஆப்ஜெக்ட் பக்கம். ஒவ்வொரு உறையையும் நாமே கையால் விடுவிப்பது. கேட்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் ஆப்.வொர்க்புக்ஸ்.ஓபன் என்று ஒரே வரியில் எழுதினால் நடுவில் நிற்கும் வொர்க்புக்ஸுக்கும் ஓர் உறை உருவாகிறது, அதை விடுவிக்க நம் கையில் வேரியபிள் இல்லை. "இரண்டு புள்ளி கூடாது" என்ற விதி இதனால் வந்ததுதான். ஃபார்ஈச் போட்டால் உள்ளே மறைவாக இன்னொன்று. இதையெல்லாம் தேடித் தேடி விடுவித்தால், பத்து வரி வேலைக்கு அதைவிட நீளமாக ஃபைனலி பிளாக் (எர்ரர் வந்தாலும் கடைசியில் ஓடும் பகுதி) வந்து நிற்கும். அதோடு, ஒரே உறையை ப்ரோகிராமின் வேறு இடமும் வைத்திருந்தால் அங்கே எர்ரர் வெடிக்கும். எக்செல்லுக்குள்ளேயே ஓடும் ஆட்-இன் என்ற துணை ப்ரோகிராம்களில் இது ரொம்பவே ஆபத்து.

எனக்குப் பிடித்தது அடுத்த வழி: குவிட் சொல்லிவிட்டு, பயன்படாத பொருள்களை அள்ளிப் போடும் .நெட்டின் ஜிசியிடம் (கார்பேஜ் கலெக்டர்) வேலையை விடுவது. ஜிசி.கலெக்ட், அப்புறம் ஜிசி.வெயிட்ஃபார்பென்டிங்ஃபைனலைசர்ஸ். இந்த ஜோடியை இரண்டு தடவை அழைத்தால் போதும். பெயரில்லாத உறைகளும் சேர்ந்தே போய்விடும். பிறகு ஏன் "ஜிசி வேலை செய்யவில்லை" என்று இத்தனை பேர் சொல்கிறார்கள்? பிழை தேடுவதற்காக உருவாக்கும் டீபக் பில்டில் சோதித்துப் பார்ப்பதால்தான். அங்கே ஒரு மெத்தட் முடியும் வரை அதன் லோக்கல் வேரியபிள்கள் உயிரோடு வைக்கப்படுகின்றன, டீபக்கரில் நிறுத்தி மதிப்பைப் பார்க்க வேண்டும் அல்லவா? எக்செல்லைத் தொட்ட அதே மெத்தடின் கடைசி வரியில் ஜிசியை அழைத்தால் அதன் கண்ணுக்கு எல்லாமே பயன்பாட்டில் இருப்பதாகத்தான் தெரியும். எக்செல் வேலை முழுவதையும் தனி மெத்தடில் வைத்து, அது திரும்பி வந்த பிறகு வெளியே ஜிசியை அழைக்க வேண்டும். அந்த மெத்தடை அழைக்கும் மெத்தடோடு கம்பைலர் கலந்துவிடாமல் இருக்க நோஇன்லைனிங் போட்டுவிடுவது நல்லது. கிளாஸ் மட்டத்திலோ ஸ்டாட்டிக்காகவோ ஒரு ரேஞ்சை (செல்களின் தொகுதி) பிடித்து வைத்துவிட்டு ஜிசியைக் குறை சொல்லக் கூடாது.

எர்ரர் வந்தாலும் குவிட் ஓட வேண்டும், ஆகவே அது ஃபைனலிக்குள். டிஸ்ப்ளேஅலர்ட்ஸை ஃபால்ஸ் ஆக்காவிட்டால், "சேவ் செய்யவா?" என்று யாருக்கும் தெரியாத பெட்டியைக் காட்டி எக்செல் காத்துக் கிடக்கும்.

ப்ராசஸைக் கொல்வதும் ஒரு வழிதான். பெயரை வைத்துக் கொன்றால் கடைக்காரர் சேவ் செய்யாமல் வைத்திருக்கும் கணக்கும் சேர்ந்து போகும். கொல்லத்தான் வேண்டுமென்றால் ஹெச்டபிள்யூஎன்டி (ஜன்னலின் அடையாள எண்) வழியாக நம் எக்செல்லின் ப்ராசஸ் எண்ணை எடுத்து அதை மட்டும் கொல்லவும்.

சரி, எக்செல்லைத் திறக்காமலே முடிக்க முடியாதா? பல இடங்களில் முடியும். எக்செல் ஃபைலின் இன்றைய வடிவமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்பது ஜிப் செய்த எக்ஸ்எம்எல்தான். அதை நேரடியாகப் படிக்கவும் எழுதவும் .நெட்டுக்கு நூலகங்கள் உண்டு. க்ளோஸ்டுஎக்ஸ்எம்எல் இலவசம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். ஈபிபிளஸ் 5ஆம் பதிப்பிலிருந்து வணிகத்துக்கு லைசன்ஸ் வாங்க வேண்டும். பைத்தானில் ஓபன்பைஎக்ஸ்எல் இருக்கிறது, ஆனால் அது ஃபார்முலாவைக் கணக்கிடாது. ஃபைலில் இருக்கும் ஷேப்புகளும் திறந்து சேவ் செய்தால் காணாமல் போகும். பழைய எக்ஸ்எல்எஸ், மேக்ரோவை ஓட்டுவது, எக்செல்லின் அச்சு அமைப்பு அப்படியே வேண்டும் என்றால் இவை உதவாது. ஆனால் இரவில் ஆளில்லாமல் சர்வரில் ஓடும் வேலைக்கு மட்டும் எக்செல்லைத் திறப்பதை யோசிக்கவே வேண்டாம், அங்கே ஆபீஸை ஆட்டோமேட் செய்வதை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை.

ரப்பர் கடைக்கு என் தேர்வு கலவைதான்: விலையும் எடையும் படிக்க க்ளோஸ்டுஎக்ஸ்எம்எல், சீட்டு அச்சடிக்க மட்டும் எக்செல், அதை மூட ஜிசி. கடைக்காரர் அதே ஃபைலைத் திறந்து வைத்திருப்பார் என்பதை எதிர்பார்த்தே எழுதுங்கள். மற்றவர் எழுதத் திறந்திருந்தாலும் பரவாயில்லை என்று சொல்லும் ஃபைல்ஷேர்.ரீட்ரைட் கொடுத்து ஸ்ட்ரீமாகத் திறந்தால் படிக்க விடும். எழுத, அவர் மூடும் வரை பொறுக்க வேண்டும்.