கிளிமஞ்சாரோ போகிறவர்களே, முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

மும்பையிலிருந்து தான்சானியாவின் கிளிமஞ்சாரோ மலைக்குப் போகத் திட்டம் போட்டிருக்கிறீர்களா? ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி இதை முழுதாகப் படித்துவிடுங்கள். போன பிப்ரவரியில் நானும் என் அக்காவும் போனோம். உச்சியைப் பார்க்காமல் திரும்பினோம். அதைக்கூட மறந்துவிடுவேன். ஆனால் அக்காவை நடுராத்திரியில் ஒற்றைச் சக்கர ஸ்ட்ரெச்சரில் கட்டிக் கீழே இறக்கினார்களே, அதை மறக்க முடியவில்லை. எட்டு நாள் வழிக்குப் பணம் வாங்கிக்கொண்டு ஐந்து நாள் வழியில் எங்களை ஏற்றிவிட்ட ஒரு ஏஜென்ட்தான் இதற்குக் காரணம்.

அக்காவுக்கு 51 வயது. முலுண்டில் பள்ளி ஆசிரியை. பத்து வருடமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் முதல் லோக்கல் ரயிலைப் பிடித்து சஹ்யாத்திரி மலைக்குக் கிளம்பிவிடுவாள். ஹரிஷ்சந்திரகட், ராஜ்மாச்சி எல்லாம் அவளுக்கு வீட்டுக் கொல்லை மாதிரி. மகாராஷ்டிராவிலேயே உயரமான கல்சுபாயில் நான்கு முறை ஏறியிருக்கிறாள். ஆனால் கல்சுபாயின் உயரம் 1646 மீட்டர். கிளிமஞ்சாரோவின் உஹுரு உச்சி 5895 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். செம்பூரிலும் முலுண்டிலும் வாழ்கிற நம் உடம்புக்கு அது புது உலகம். கால் பலம் இருந்தால் மட்டும் போதாது, உடம்பு பழக நாள் வேண்டும்.

இது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. செம்பூர் வீட்டில் சாப்பாட்டு மேசையில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் வழிகளை அலசினோம். மாரங்கு பழைய வழி, குடிலில் மெத்தை போட்டுப் படுக்கலாம், ஏறும் வழியிலேயேதான் இறங்க வேண்டும். மச்சாமே கூடார வழி, காட்சிகள் அருமை, அதனால் கூட்டமும் அதிகம். ரொங்காய் வடக்கிலிருந்து, கென்யா எல்லைப் பக்கமாக ஏறுவது, மழை குறைவு. உம்ப்வே செங்குத்து, எங்களைப் போன்றவர்களுக்கு ஆகாது. லெமோஷோ மேற்கிலிருந்து சுற்றிக்கொண்டு வருவது, எட்டு நாள்.

நாங்கள் லெமோஷோவைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம் அதன் இரவுகள். 3000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், படுக்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பது நல்லது என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. எட்டு நாள் லெமோஷோவில் ஷிரா, பரான்கோ, கரங்கா என்ற முகாம்களில் மூன்று இரவுகள் 4000 மீட்டரை ஒட்டியே கழியும். அதில் ஒரு நாள் லாவா டவர் வரை, சுமார் 4600 மீட்டர், ஏறிவிட்டு, தூங்குவதற்குப் பரான்கோவுக்கு இறங்கிவிடுவோம். மேலே ஏறு, கீழே தூங்கு. உடம்பு பழகுவது அப்படித்தான்.

இப்போது ஐந்து நாள் மாரங்குவைப் பாருங்கள். முதல் இரவு மந்தாரா குடில், 2720 மீட்டர். இரண்டாவது ஹோரோம்போ, 3720. மூன்றாவது கிபோ, 4720. ஒவ்வொரு நாளும் ஆயிரம் மீட்டர். அந்த மூன்றாம் இரவும் தூக்கம் கிடையாது, நடுராத்திரியில் எழுப்பி உச்சிக்குக் கிளப்பிவிடுவார்கள். மாரங்குவிலேயே ஹோரோம்போவில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கும் ஆறு நாள் திட்டம் இருக்கிறது. அது எவ்வளவோ பரவாயில்லை.

ஏஜென்ட் கிடைத்தது மாட்டுங்காவில் ஒரு கல்யாண வீட்டில். தமிழில் பேசினார், நம்ம ஆள் என்ற நம்பிக்கை வந்துவிட்டது. மற்றவர்கள் சொன்னதைவிட ஆளுக்கு 25,000 ரூபாய் குறைவாகக் கேட்டார். எட்டு நாள் லெமோஷோ என்று நாள்வாரியாக எழுதிய பிடிஎஃப் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். விமானக் கட்டணம் போக, ஆளுக்கு 2,15,000 ரூபாய் முழுதாகக் கட்டினோம்.

அடிஸ் அபாபா வழியாகப் பறந்து, மலையடிவாரத்து ஊரான மோஷிக்குப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் மலை. அன்று சாயங்காலம் ஹோட்டலுக்கு வழிகாட்டி வந்தார், நாற்பது வயது மனிதர், அமைதியான முகம். பொருட்களைச் சரிபார்த்துவிட்டு, "நாளை மாரங்கு வாசல், ஐந்து நாள்" என்றார். அக்கா பிடிஎஃப்பை எடுத்து நீட்டினாள். அவர் இரண்டு முறை படித்தார். "எங்கள் கம்பெனிக்கு வந்த பணம் ஐந்து நாள் மாரங்குவுக்குத்தான் அம்மா" என்று மெதுவாகச் சொன்னார். அங்கே வயதில் மூத்த பெண்களை 'மாமா' என்று அழைக்கிறார்கள், அவர்கள் மொழியில் அம்மா என்று பொருள். அக்காவைக் கடைசிவரை அப்படித்தான் அழைத்தார்.

உடனே மும்பைக்கு போன் போட்டேன். "சார், லெமோஷோ பக்கம் ஒரே மழை, ரூட் மோசமா இருக்குன்னு தகவல் வந்துச்சு. உங்க நல்லதுக்குத்தான் மாத்தினேன். மாரங்குதான் இப்போ பெஸ்ட் ரூட். அக்காவுக்கும் ஹட்ல படுக்க வசதி" என்றார் ஏஜென்ட். பிப்ரவரி அங்கே வறண்ட மாதம். பெரிய மழை மார்ச்சுக்கு மேல்தான். அதே ஹோட்டலில், அடுத்த அறையில் தங்கியிருந்த நான்கு பேர் மறுநாள் காலை லெமோஷோவுக்குக் கிளம்பிப் போனார்கள். அவர்களுடைய ஜீப் வாசலில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே நாங்கள் வேறு வண்டியில் ஏறினோம்.

ஏன் ஏறினீர்கள் என்று கேட்பீர்கள். விடுப்பு எடுத்தாகிவிட்டது, டிக்கெட் போட்டாகிவிட்டது, பணம் முழுதும் அவர் கையில். அந்த நிலைமைக்கு நம்மைக் கொண்டுவந்துவிட்டுத்தான் இவர்கள் உண்மையைச் சொல்வார்கள்.

ஹோரோம்போவிலேயே அக்காவுக்குத் தலைவலி ஆரம்பித்துவிட்டது. ராத்திரி சாப்பிடவில்லை. இங்கே ஒரு நாள் தங்கலாமா என்று வழிகாட்டியைக் கேட்டேன். அனுமதிச் சீட்டு ஐந்து நாளுக்கு இருக்கிறது, கூடுதல் நாளுக்குப் பூங்காக் கட்டணம் கட்ட வேண்டும், கம்பெனி மூலமாகத்தான் மாற்ற முடியும் என்றார். நானே கட்டுகிறேன் என்றேன். அவர் மோஷிக்குப் பேசினார். மோஷிக்காரர்கள் மும்பை ஏஜென்டைக் கேட்கச் சொன்னார்கள். அங்கே சிக்னல் கிடைக்கிறது, மும்பைக்கும் பேசினேன். "ஒண்ணும் ஆகாது சார், நிறையத் தண்ணி குடிக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. அன்றே பிடிவாதமாக அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். நான் அதைச் செய்யவில்லை. காலையில் அக்கா "கொஞ்சம் பரவாயில்லைடா" என்றாள், கிளம்பிவிட்டோம்.

கிபோ போய்ச் சேர்ந்தபோது இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தாள். விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் ரத்தத்தில் ஆக்சிஜன் 68 சதவீதம் என்று காட்டியது. இரவு பத்தரை மணிக்கு எல்லோரையும் எழுப்பினார்கள். அக்கா கட்டிலில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சுப் போடத் தெரியவில்லை. வழிகாட்டி அவளை வெளியே அழைத்துப் போய், ஊன்றுகோலால் புழுதியில் ஒரு கோடு கிழித்தார். ஹெட்லைட்டை அதன்மேல் அடித்து, ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல்நுனியோடு ஒட்டி வைத்து அந்தக் கோட்டில் நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியிலேயே பக்கவாட்டில் சாய்ந்தாள். மறுபடியும் நடந்தாள், மறுபடியும் சாய்ந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "நேராத்தானேடா நடக்கிறேன்?" என்று கேட்டாள்.

மூளையில் நீர் கோத்துக்கொள்ள ஆரம்பித்தால் முதலில் போவது இந்தத் தள்ளாடாத நடைதான். அதற்கு முக்கிய வைத்தியம் உடனே கீழே இறக்குவது. வழிகாட்டி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஆறு பேர் மாறி மாறிப் பிடித்து, அந்த ஒற்றைச் சக்கர வண்டியில் வைத்து, கிபோ, மாவென்சி என்ற இரண்டு சிகரங்களுக்கும் நடுவில் உள்ள பொட்டல் வெளி வழியாக ராத்திரியோடு ராத்திரியாக ஹோரோம்போவுக்கு இறக்கினார்கள். கல்லில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அவள் முனகினாள், நான் அவள் கையைப் பிடித்தபடி ஓடினேன். விடிவதற்குள் தலைவலி பாதி குறைந்தது. நிற்காமல் அப்படியே வாசல்வரை இறக்கி, மோஷியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மேலே போகாமல் திரும்பியது நல்லதாயிற்று என்று டாக்டர் சொன்னார். வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த ஆறு பேரில் ஒரு பையனின் ஷூ முன்பக்கம் வாய் பிளந்து விரல் தெரிந்தது. என் மாற்று ஷூவைக் கொடுத்துவிட்டு வந்தேன். குறைந்த விலைக்கு விற்கிற ஏஜென்ட் எங்கே மிச்சம் பிடிக்கிறார் என்பது அந்த ஷூவிலும் தெரிந்தது.

மிச்சப் பணம் எங்கே போனது என்று ஊருக்கு வந்தபின் கணக்குப் போட்டோம். வெளிநாட்டவருக்குப் பூங்காக் கட்டணம் நாளொன்றுக்கு 70 டாலர். கூடாரத்துக்கு ஓர் இரவுக்கு 50, மாரங்கு குடிலுக்கு 60. மீட்புக் கட்டணம் ஒரு முறைக்கு 20. இதற்கு மேல் 18% வரி. எட்டு நாள், ஏழு இரவு லெமோஷோவுக்குச் சுமார் 1097 டாலர். ஐந்து நாள், நான்கு இரவு மாரங்குவுக்குச் சுமார் 720. கட்டணத்தில் மட்டும் ஆளுக்கு 377 டாலர் வித்தியாசம், 30,000 ரூபாய்க்கு மேல். மூன்று நாள் கூலி, சாப்பாடு, கூடாரம் எல்லாம் தனி. எங்களுக்குத் தள்ளுபடி என்று கொடுத்ததைவிட அதிகமாக எங்களிடமிருந்தே எடுத்துக்கொண்டார்.

அதனால் ஏஜென்டிடம் எந்த வழி நல்லது என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். மலையில் எத்தனை இரவு, எந்த இரவு எத்தனை மீட்டரில் என்று எழுத்தில் வாங்குங்கள். மலையேற்றத்தை நடத்தப்போகும் தான்சானியா கம்பெனியின் பெயரைக் கேட்டு, பணம் கட்டும் முன்பே அவர்களுக்கு நேராக எழுதி, உங்கள் பெயரில் எந்த வழி, எத்தனை நாள் பதிவாகியிருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நாங்கள் இதைச் செய்திருந்தால் ஒரே மின்னஞ்சலில் விஷயம் வெளிவந்திருக்கும். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்டால் விலகிவிடுங்கள். இன்ஷூரன்ஸ் 6000 மீட்டர் உயரம்வரை மலையேற்றத்துக்குச் செல்லுமா என்று பாலிசியில் பாருங்கள், பல பாலிசிகளில் உயர வரம்பு இருக்கிறது. உடம்பு உயரத்துக்குப் பழக உதவும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி உங்கள் டாக்டரிடம் பேசுங்கள், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைச் சொல்லியே ஆக வேண்டும். அதை வாங்கிவிட்டால் நாட்களைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மாரங்கு வாசலில் எல்லோரும் பதிவேட்டில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பக்கத்தையும் எங்கள் அனுமதிச் சீட்டையும் அக்கா அப்போதே போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். அந்த நிலைமையிலும் அவளுக்கு அது தோன்றியிருக்கிறது.

ஏஜென்ட் இப்போது சொல்வது, "இயற்கைச் சூழலால் வழி மாற்றப்பட்டது, பணம் திருப்பித் தர இயலாது." நாங்கள் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசிப் புகார் கொடுத்தோம். அந்தப் புகாருக்கு ஏஜென்ட் பதிலே தரவில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இருவருடையதும் சேர்த்து 4,30,000 ரூபாய். பிடிஎஃப், வங்கி ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், அந்தப் பதிவேட்டுப் படம், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் இணைத்துப் போட்டுவிட்டோம்.

அடுத்த மாதம் முதல் விசாரணை. அக்கா பள்ளியில் அரை நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள்.