நிலாவில் இறங்கிய கதை: வரைந்த புத்தகமா, புகைப்படப் புத்தகமா?

மகளுக்கு ஆறு வயது முடிந்த வாரம், நிலாவில் மனிதர் முதன்முதலில் இறங்கிய கதையைச் சொல்லும் புத்தகம் ஒன்று வாங்கலாம் என்று உட்கார்ந்தேன். ஒன்று இரண்டாகிவிட்டது. பிரையன் ஃப்ளோக்கா எழுதி அவரே வரைந்த 'மூன்ஷாட்' (2009) ஒன்று. கேத்தரின் திம்மெஷ் எழுதிய 'டீம் மூன்' (2006) இன்னொன்று; இதில் ஓவியத்துக்குப் பதில் புகைப்படங்கள். வந்து ஒரு வருஷம் ஆகிறது. 'மூன்ஷாட்'டின் முதுகு பிய்ந்து டேப் ஒட்டியிருக்கிறேன். 'டீம் மூன்' வந்த அன்று இருந்த மாதிரியே இருக்கிறது.

இரண்டும் ஆங்கிலம்தான். இரண்டும் அப்போலோ 11 கதைதான்: 1969 ஜூலை 16 அன்று ஃப்ளோரிடாவில் கிளம்பி, 20ஆம் தேதி நிலாவில் இறங்கி, 24ஆம் தேதி பசிபிக் கடலில் வந்து விழுந்த பயணம். விலையிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. விருதை வைத்துப் பார்த்தால் 'டீம் மூன்' ஒரு படி மேலே: குழந்தைகளுக்கான தகவல் நூல்களுக்கு அமெரிக்காவில் தரும் சைபர்ட் பதக்கத்தையே அது வாங்கியது, 'மூன்ஷாட்' அதே விருதில் கௌரவ இடத்தோடு நின்றது. அந்தப் பயணத்தில் ஆர்ம்ஸ்ட்ராங்கோடு நிலாவில் இறங்கிய பஸ் ஆல்ட்ரின் தன் கதையைத் தானே சொல்லி, வெண்டல் மைனர் ஓவியம் தீட்டிய 'ரீச்சிங் ஃபார் தி மூன்' என்று மூன்றாவதாகவும் ஒன்று பட்டியலில் இருந்தது. அது ஒருவருடைய வாழ்க்கைக் கதை, பயணக் கதை இல்லை என்பதால் விட்டுவிட்டேன். (ஆல்ட்ரினுடைய அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் 'மூன்' என்பது தெரிந்தபோது மட்டும் கொஞ்சம் சபலம் தட்டியது.)

முதல் வாரம் நான் கையில் எடுத்தது 'டீம் மூன்'தான். நிஜப் படம் இருக்கும்போது வரைந்ததை எதற்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். நிலாவில் ஒரு வீரர் நிற்கும் படம் வந்தது.

"இவர்தான் ஆர்ம்ஸ்ட்ராங்காம்மா?"

"இல்லடா, இவர் ஆல்ட்ரின்."

"அப்போ ஆர்ம்ஸ்ட்ராங் எங்க?"

"அவர்தான் போட்டோ எடுக்கிறார்."

முகம் சுருங்கிவிட்டது. அவள் மேல் தப்பில்லை. நிலாவில் நடந்த நேரத்தில் கேமரா பெரும்பாலும் ஆர்ம்ஸ்ட்ராங் கையில்தான் இருந்தது. அதனால் முதலில் கால் வைத்தவரை அங்கே நன்றாகக் காட்டும் புகைப்படம் அபூர்வம். கிடைப்பதெல்லாம் முதுகுப் பக்கம், இல்லையென்றால் ஆல்ட்ரினின் தலைக்கவசக் கண்ணாடியில் குட்டியாகத் தெரியும் பிம்பம்.

"சரி, கீழ இறங்கற போட்டோ காட்டு" என்றாள். அதற்கு நான் எங்கே போவது? அவர்களை இறக்கிய ஈகிள் என்ற வண்டி கீழே வருவதைத் தரையில் நின்று படம் பிடிக்க அங்கே யார் இருந்தார்கள்? இருப்பது ஆல்ட்ரின் பக்கத்து ஜன்னலில் பொருத்திய 16 மி.மீ. கேமராவின் படச்சுருள், அதில் குழி குழியாகத் தரை நகர்வதுதான் தெரியும். முதல் காலடிக்கும், ஈகிளின் பக்கவாட்டில் வைத்திருந்த டிவி கேமரா அனுப்பிய கறுப்பு வெள்ளைக் கலங்கல்தான் சாட்சி. பெரியவர்களுக்கு அந்தக் கலங்கலே சிலிர்ப்பு. ஆறு வயதுக்கு அது வேலை செய்யாத டிவி.

என் முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு விஷயம்தான். கதையில் குழந்தை கேட்கிற இடங்களில் கேமராவே இல்லை. ஓவியரால் அந்த இடங்களுக்குப் போக முடியும், ஃப்ளோக்கா போகிறார். ஈகிள் இறங்கும் கட்டத்தை வெளியே நின்று காட்டுகிறார்: மேலே கறுத்த வானம், கீழே மேடும் பள்ளமுமான தரை, நடுவே கால் விரித்த பூச்சி மாதிரி அந்த வண்டி. அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டுதான் என்னால் நிஜத்தில் நடந்ததை அவளுக்குச் சொல்ல முடிந்தது. கணினி வேலைச்சுமை தாங்காமல் 1202 என்ற எச்சரிக்கை எண்ணைக் காட்டி அலறியது, இறங்க வேண்டிய இடத்தில் பாறையாகக் கிடந்தது, ஆர்ம்ஸ்ட்ராங் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்து அதைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போனார், எரிபொருள் தீர்ந்துகொண்டே வந்தது, 'முப்பது விநாடி' என்று ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையிலிருந்து குரல் வந்த பிறகுதான் கால் தரையில் பட்டது. விரலை ஈகிள் மேல் வைத்து மெல்லத் தள்ளிக்கொண்டே கேட்டாள். புகைப்படத்தை வைத்து இதை என்னால் செய்ய முடியவில்லை.

மைக்கேல் காலின்ஸ் விஷயமும் இதே மாதிரிதான். கூட வந்த இரண்டு பேரும் கீழே இருக்க, அவர் மட்டும் கொலம்பியா என்ற தாய்க்கலத்தில் நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் நிலாவுக்குப் பின்னால் போகும்போது முக்கால் மணி நேரத்துக்கும் மேல் யாரோடும் ரேடியோ தொடர்பு கிடையாது. அந்தத் தனிமையை வெளியிலிருந்து எந்தக் கேமராவும் எடுக்கவில்லை. 'மூன்ஷாட்' அவரை மறக்காமல் காட்டுகிறது. அவள் வரையும் நிலாவில் இப்போதெல்லாம் சுற்றி ஒரு புள்ளி இருக்கிறது.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. வரைந்த படம் என்றால் "இது நெசமா, கதையா?" என்ற கேள்வி வரத்தான் செய்யும். வந்தது. அன்று நாசாவின் பழைய படச்சுருளை லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். முதலில் ஓவியம், அப்புறம் நிஜம் என்ற வரிசையில் அந்தக் கலங்கல் படம் அவளுக்குப் புரிந்தது.

வாசித்துக் காட்டுவதிலும் 'மூன்ஷாட்' சுலபம். இரவில் ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஃப்ளோக்காவின் வரிகள் சின்னச் சின்னதாக, கவிதை மாதிரி ஓடுகின்றன. கையுறை மாட்டிப் பூட்டினால் ஒரு 'டக்', தலைக்கவசம் பூட்டினால் இன்னொரு 'டக்'. அந்த இடம் வந்தால் அவளே சொல்லிவிடுகிறாள். விண்கலத்தில் கக்கூஸ் இல்லாத கஷ்டத்தையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் அதிகம் புரட்டப்பட்ட பக்கம் அதுதான். 'டீம் மூன்' பத்தி பத்தியாக எழுதியது. ரேடியோ உரையாடலைத் தமிழாக்குவதற்குள் எனக்கே கொட்டாவி வந்துவிடும்.

அதற்காக 'டீம் மூன்' மட்டமான புத்தகம் இல்லை. அது யாருக்காக எழுதப்பட்டதோ அந்த வயது எங்கள் வீட்டில் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். இந்தப் பயணத்துக்குப் பின்னால் இருந்த நான்கு லட்சம் பேர்தான் அதன் கதாநாயகர்கள். விண்வெளி உடையைத் தைத்த பெண்கள் வருகிறார்கள். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸில் 64 மீட்டர் அகல ரேடியோ தொலைநோக்கித் தட்டை, மணிக்கு 110 கி.மீ. வேகக் காற்றுக்கு நடுவே நிலாவை நோக்கித் திருப்பி வைத்திருந்தவர்கள் வருகிறார்கள். ஃபிலிம் பெட்டியைத் திறந்தபோது வெறுங்கையில் நிலாத் தூசி ஒட்டிக்கொண்ட ஆய்வக ஊழியர் ஒருவரும் வருகிறார். ஒன்பதாவது படிக்கும் அக்கா பையன் லீவில் வந்தபோது இரண்டே நாளில் முடித்துவிட்டு, 'மூன்ஷாட்'டைப் பத்து நிமிஷத்தில் புரட்டி வைத்துவிட்டான். எட்டு, ஒன்பது வயதுக்கு எது சரிப்படும் என்று கேட்டால், அந்த வயதில் இரண்டையும் யாரிடமும் கொடுத்துப் பார்க்கவில்லை. என் ஊகம், இரண்டுக்கும் இடையில் இழுபறியாக இருக்கும்.

'மூன்ஷாட்' வாங்குவதாக இருந்தால், 2019இல் ஐம்பதாம் ஆண்டுக்காகப் பக்கங்கள் சேர்த்து வந்த பதிப்பு கிடைக்கிறதா என்று பாருங்கள். என்னிடம் இருப்பது பழையது. அட்டை கெட்டியாக இருந்தாலும், தினமும் தரையில் விரித்து வைத்தால் தையல் ஒரு வருஷத்துக்குத்தான் தாங்குகிறது. அக்கா பையன் 'டீம் மூன்'ஐத் தனக்கே கொடுத்துவிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறான். கொடுத்துவிடலாம்தான், பார்க்ஸ் பக்கத்தை நான் இன்னொரு தடவை படித்துவிட வேண்டும்.