கிம்ப்பா போட்டோஷாப்பா, இங்க்ஸ்கேப்பா கோரலா: ஒரு லாட்ஜ் வேலையை வைத்து ஓர் அலசல்

வேலூர் காந்தி ரோட்டில் ஒரு லாட்ஜுக்கு வலைத்தளம் செய்ய வேண்டும். சிஎம்சியில் வைத்தியம் பார்க்க வருகிறவர்கள் தங்கும் இடம், வங்காளத்துக்காரர்கள் நிறைய. முதலாளி சொன்னது இதுதான்: "தம்பி, தமிழ் இருக்கணும், பெங்காலி இருக்கணும், இந்தியும் போட்டுடு. அப்படியே விசிட்டிங் கார்டும், வாசலுக்கு ஒரு ஃப்ளெக்ஸும் பண்ணிக் குடுத்துடு." எங்கள் ஊரில் வலைத்தளம் கேட்டு வருகிறவர் வலைத்தளத்தோடு நிறுத்துவதில்லை.

காசு கொடுக்கும் மென்பொருளா, கட்டற்ற மென்பொருளா (யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மூலநிரலும் திறந்திருக்கும்) என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இந்த ஒரு வேலையை வைத்தே பதில் சொல்லிவிடுவேன். வசதிகளைப் பட்டியல் போட்டு டிக் அடித்தால் எந்தப் பக்கத்தையும் ஜெயிக்க வைக்கலாம். நான் பார்ப்பது, முடித்த கோப்பு அடுத்து யார் கைக்குப் போகிறது என்பதை. உலாவிக்குப் போகிறதென்றால் கட்டற்றதை எடுப்பேன். அச்சகத்துக்கு என்றால் யோசிப்பேன்.

கிம்ப், போட்டோஷாப்

அறைப் படங்களை மேனேஜர் போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டார். அது அழுத்தியதில் பாதி உயிர் போயிருந்தது. டாக்குமென்டாக அனுப்பச் சொல்லி மறுபடி வாங்கினேன். சாய்ந்த கதவை நிமிர்த்த, டியூப்லைட்டின் பச்சையை எடுக்க, அளவாக வெட்டி, வலைக்கான வெப்பி வடிவில் சேமிக்க, படம் திருத்தும் கட்டற்ற மென்பொருளான கிம்ப் தாராளமாகப் போதும். 2018-இல் வந்த 2.10 பதிப்பு வரை ஒரு ஃபில்டரைப் போட்டால் போட்டதுதான். 2025 மார்ச்சில் வந்த 3.0-இல் பிறகு திரும்பிப் போய் மாற்றலாம். ஏழு வருஷம் காத்திருந்தோம்.

அடோபி நிறுவனத்தின் போட்டோஷாப் முந்துகிற இடமும் உண்டு. ஆம்பூர் ஷூ கம்பெனி காட்டலாக்குக்காக நாற்பது ஜோடியைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டுமென்றால் கிம்ப்பில் ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டும். போட்டோஷாப்பில் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடியும். ஆனால் 2013 முதல் அடோபி புதிய பதிப்புகளை வாடகைக்குத்தான் தருகிறது. சம்பளக்காரருக்கு அந்த வாடகை தெரியாது. ஒரு மாதம் மூன்று வேலை, அடுத்த மாதம் சும்மா என்று ஓடுகிறவனுக்குத் தெரியும்.

எழுத்து விஷயத்தில் என் ஓட்டு கிம்ப்புக்கு. அது பேங்கோ என்ற நிரல் தொகுப்பை வைத்து எழுத்தை அடுக்குகிறது. தமிழ்க் கொம்பும் பெங்காலிக் கூட்டெழுத்தும் எதையும் தொடாமலே சரியாக விழுகின்றன. பழைய போட்டோஷாப்பில் அமைப்புகளுக்குள் போய்த் தெற்காசிய எழுத்துக்கான தேர்வைப் போடாவிட்டால், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழில் என்றால் கண்ணில் பட்டுவிடும். பெங்காலியில் உடைந்திருந்தால் எனக்கெப்படித் தெரியும்? மூன்றாம் மாடியில் தங்கியிருந்த ஒரு வங்காளத்து அண்ணனிடம் காட்டித்தான் சரிபார்த்தேன்.

இன்னொரு தொல்லை. லாட்ஜின் பழைய நோட்டீஸ் மேட்டர், எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருந்தது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்காரவைத்த எழுத்துரு அது. காப்பி செய்து வலைத்தளத்தில் போட்டால் குப்பையாக வரும். யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றுவிட்டது, தமிழக அரசும் 2010-இல் அதை ஏற்றுக்கொண்டது, ஆனாலும் டிடிபி கடைகளில் பழையது இன்னும் ஓடுகிறது. எழுத்துரு மாற்றியில் போட்டு எடுக்கலாம். எடுத்த பிறகு 'ஸ்ரீ' வருகிற இடங்களை மட்டும் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இங்க்ஸ்கேப், கோரல்

லோகோவும் கார்டும் வரைகிற இங்கேதான் உண்மையான சண்டை: இங்க்ஸ்கேப் கட்டற்றது, கோரல் காசுக்கு. இங்க்ஸ்கேப் 2003-இல் சோடிபோடி என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது, 1.0 என்ற எண்ணைத் தொட 2020 ஆனது. அதன் சொந்த வடிவமே எஸ்விஜி, படத்தைப் புள்ளிகளாக இல்லாமல் கோடுகளாக வைக்கும் கோப்பு. உலாவிக்கும் அதே வடிவம் புரியும். அதனால் வரைந்த லோகோவை அப்படியே தளத்தில் வைக்கலாம். சில கிலோபைட்தான், எவ்வளவு பெரிதாக்கினாலும் கலங்காது. வலைத்தளம் மட்டும் என்றால் கோரலுக்கு இங்கே வேலையே இல்லை.

விசிட்டிங் கார்டை இங்க்ஸ்கேப்பில் செய்து பிடிஎஃப் ஆக்கி அச்சகத்துக்குக் கொண்டுபோனேன்.

"கோரல்ல குடுப்பா."

"பிடிஎஃப் இருக்குதுண்ணே, எழுத்தெல்லாம் கர்வ் பண்ணிட்டேன், எழுத்துரு இல்லாமலே வரும்."

திறந்து பார்த்தார். "கருப்பு எல்லாம் நாலு கலர்ல கீது. பிளேட்டு துளி நவுந்தா எழுத்து ரெண்டா தெரியும்."

அவர் சொன்னது நியாயம். இங்க்ஸ்கேப் தரும் பிடிஎஃப்பில் நிறம் ஆர்ஜிபி, அதாவது திரைக்கான நிறம். அச்சுக்கு மாற்றும்போது கருப்பு ஒரே மையாக நிற்காமல் நான்கு மையிலும் பரவுகிறது. பெரிய தலைப்பில் தெரியாது. கார்டின் பின்பக்கம் 7 பாயின்டில் இருக்கிற பெங்காலி முகவரி அழிந்துவிடும். கோரலில் கருப்பை நூறு சதவீதம் ஒரே மை என்று வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

கட்டற்ற பக்கத்திலும் வழி உண்டு: எஸ்விஜியை ஸ்க்ரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் இறக்கி, நிறங்களை சிஎம்ஒய்கே, அதாவது அச்சின் நான்கு மை நிறங்களாக மாற்றி, அங்கிருந்து பிடிஎஃப் எடுப்பது. அப்படித்தான் கொடுத்தேன், நன்றாகவே அச்சானது. ஆனால் அரைமணி வேலை ஒன்றரை மணி ஆயிற்று. தவிர, "போன் நம்பர் மாத்தணும்" என்று லாட்ஜ்காரர் நேராக அச்சகத்துக்கே போனால், அங்கே கோரல் கோப்பு இருந்தால்தான் மாற்றுவார்கள். ஃப்ளெக்ஸுக்கு இவ்வளவு கவலை வேண்டாம். எழுத்து பெரிது, பார்க்கிறவர் தூரத்தில் நிற்கிறார்.

ஃபிக்மா, பென்பாட்

தளத்தின் பக்கங்களை முதலில் வரைந்து பார்க்க ஃபிக்மா; அதற்குக் கட்டற்ற மாற்று பென்பாட். 2022-இல் ஃபிக்மாவை 2,000 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அடோபி அறிவித்தபோதுதான் என்னைப்போல் பலர் பென்பாட்டை எட்டிப் பார்த்தோம். 2023 டிசம்பரில் அந்தப் பேரம் கைவிடப்பட்டது. நான் பென்பாட்டிலேயே தங்கிவிட்டேன். காரணம் கொள்கை இல்லை. 'முன்பதிவு செய்ய' என்ற தமிழ்ப் பொத்தான் பெங்காலியில் வேறு நீளம், இந்தியில் வேறு நீளம். பென்பாட்டில் பெட்டிகளை அடுக்கும் ஃப்ளெக்ஸ், கிரிட் முறைகள் எல்லாம், தளத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் உள்ளபடியே இருக்கின்றன. அங்கே பொத்தான் எப்படி நீண்டதோ, தளத்திலும் அப்படியே நீளும். ஆனால் பக்கங்கள் கூடினால் என் எட்டு ஜிபி மடிக்கணினி திணறுகிறது. சென்னை ஏஜென்சியோடு சேர்ந்து செய்கிற வேலை என்றால் பேசாமல் ஃபிக்மா; அவர்கள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள்.

தளத்தை எதில் கட்டுவது என்பதில் இரு பக்கமும் கட்டற்றவைதான்: வேர்ட்பிரஸ், ஹ்யூகோ. ஹ்யூகோவில் தரவுத்தளம் கிடையாது, பல மொழி கூடவே வருகிறது, தளம் பறக்கும். ஆனால் அறை வாடகையை முதலாளி அவரே போனில் மாற்ற வேண்டுமே! அதனால் வேர்ட்பிரஸ். விலை: மாதம் ஒருமுறை நீட்சிகளைப் புதுப்பிப்பது. முன்பு ஒரு வாடிக்கையாளர் தளத்தில் அதைத் தள்ளிப்போட்டு, ஒரு தீபாவளி காலையில் யாரோ உள்ளே புகுந்து அந்தத் தளம் மாத்திரை விற்றுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வருஷத்துக்கு ஒருமுறை மாறும் காட்டலாக் என்றால் ஹ்யூகோதான்.

நிரல் எழுத விஎஸ்கோடு, விஎஸ்கோடியம் இரண்டில் எதையும் எடுங்கள். ஒரே மூலநிரல், இரண்டாவதில் மைக்ரோசாஃப்டின் கண்காணிப்பு எடுக்கப்பட்டிருக்கும், சில நீட்சிகள் கிடைக்காது, அவ்வளவுதான்.

லாட்ஜ் தளம் இப்போது ஓடுகிறது. என் மடிக்கணினியில் கட்டற்ற இயங்குதளமான உபுண்டுவுக்குப் பக்கத்தில் விண்டோஸை இன்னும் விட்டுவைத்திருக்கிறேன். அச்சகத்திலிருந்து வரும் பழைய கோரல் கோப்பை இங்க்ஸ்கேப் திறக்கிறது, கோடுகளும் வருகின்றன; எழுத்துகள் மட்டும் சில நேரம் வேறெங்கோ போய் உட்கார்ந்திருக்கின்றன. அந்த நாட்களில் கோரலைத் திறப்பதற்காக.